சத்தம் அடங்கட்டும் என்று நின்றவருக்கு

என் தங்கையின் படிப்பை நிறுத்தியது நீங்கள்தான், சார். செத்தவரிடம் இப்படிப் பேசலாமா என்று நைனா கேட்பார். பேசத்தான் போகிறேன்.

இன்று காலை செஞ்சிக் கடைத்தெரு முழுக்கப் பசை வாடை. இடைத்தேர்தல் வருகிறது. உங்கள் பெயரின் மேலேயே இன்னொருவர் பெயரை ஒட்டுகிறார்கள். நீங்கள் தேர்தலில் நின்றபோது அதே பசை வாளியை மாட்டிக்கொண்டு உங்கள் பின்னால் அனந்தபுரம் வரை சைக்கிள் மிதித்தவன் நான். ஒரு தலைமையாசிரியர் சட்டசபைக்குப் போனால் எங்கள் ஊருக்கு உயர்நிலைப்பள்ளி வந்துவிடும் என்று நம்பினேன்.

தங்கை அஞ்சலை அப்போது எட்டாவது முடித்திருந்தாள். பெண்ணைச் செஞ்சிக்குப் பஸ்ஸில் அனுப்ப முடியாது, ஊரிலேயே பள்ளிக்கூடம் வந்தால் படிக்கட்டும், இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம் என்று நைனா சொல்லிவிட்டார். ஜெயித்த பிறகு நீங்கள் எங்கள் வாசலில் நின்று மோர் குடித்துவிட்டு, இந்தக் கூட்டத்தொடரிலேயே கேட்கிறேன் என்றீர்கள். அந்த வார்த்தைக்காக நைனா மாப்பிள்ளை வீட்டாரைக் காத்திருக்கச் சொன்னார்.

மெட்ராசுக்கு நானும் வந்தேன். மேலே பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தீர்கள். வேறு ஏதோ விஷயத்துக்காகச் சபையில் ஒரே கூச்சல். நீங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் நின்றீர்கள். வகுப்பில் சத்தம் வந்தால் நீங்கள் இப்படித்தான் நிற்பீர்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் தாமாகவே அடங்கிவிடுவார்கள். அங்கே ஒருவரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேசுங்கள் என்று கத்தத் தோன்றியது. கத்தினால் வெளியே தள்ளுவார்கள். உங்கள் நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. சபாநாயகரை வணங்கிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "அடங்கிடும்னு நெனச்சேன்பா. இத்தினி வருஷத்துல அடங்காத கிளாஸே கெடையாது" என்றீர்கள். உங்கள் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் நானும் நைனாவும் கடைத்தெருவில் நடந்தபோது ஜவுளிக்கடை முதலாளி கூப்பிட்டார். "இன்னாப்பா, உங்க எம்.எல்.ஏ. அட்டென்டன்ஸ் எடுத்துட்டு வந்துட்டாராமே?" கடையே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

அடுத்த முறை கட்டாயம் பேசுகிறேன் என்றீர்கள். உங்கள் முறை வராமலே இரண்டு வருஷம் ஓடியது; நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடமும் வரவில்லை. இப்போதெல்லாம் எந்த ஆபீசுக்குப் போனாலும் நுழையும்போதே குரலை உயர்த்திவிடுகிறேன். உங்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கத்தியும் ஒன்றும் நடக்கவில்லை, சார். உட்காரு, மனு கொடுத்துட்டுப் போ என்கிறார்கள்.

போன வாரம் அஞ்சலை அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே கேட்டாள்: "அண்ணா, அன்னிக்கு வாத்தியாரு எங்களுக்காக இன்னா பேசறதா இருந்தாரு?"

எனக்குத் தெரியாது. நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் வாக்கியத்தையாவது சொல்லுங்கள், சார்.