பற்றறி செத்த காலை

இன்று காலை கராஜ் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை மணம். புல்வெட்டும் மெஷினின் பற்றறியை நேற்றுச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோனேன். அது கொதித்து, பக்கங்கள் வீங்கி, மூடியோரமாக அசிட் கக்கிக்கொண்டு கிடந்தது. வந்த ஆத்திரத்தில் சார்ஜரைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். அது உடைந்து விழுந்த சத்தத்தோடு நீ நினைவில் வந்துவிட்டாய். ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டுக் கராஜில் நான் நிற்க, மனம், இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் நாம் இருந்த வெக்ஸ்போர்ட் வீட்டின் பழைய கராஜுக்குள் போய் நின்றது. நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை, வெட்கம் கெட்டு இப்போது எழுதுகிறேன்.

அந்த வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்டில் நாம் இரண்டு பேரும் வாடகைக்கு இருந்த காலத்தில் ஒருவரோடு ஒருவர் அடிபடாத கிழமை இருந்ததா? சோற்றுப்பானை கழுவாததற்கு அடிபட்டோம். யார் முதலில் குளிப்பது என்பதற்கு அடிபட்டோம். நீ அகப்பையால் போட்ட தழும்பு இன்னும் என் புருவத்தில் இருக்கிறது. நான் உன்னைக் குளியலறைக் கதவோடு சேர்த்துத் தள்ளி, கதவு பிணைச்சலோடு கழன்று விழுந்தது. வீட்டுக்கார அங்கிள் மேலேயிருந்து நிலத்தைக் காலால் இடிப்பார். அரைமணி நேரத்தில் இருவரும் ஒரே கோப்பையில் புட்டுத் தின்றுகொண்டிருப்போம். ஆனால் அதெல்லாம் விளையாட்டு. ஒரே ஒரு நாள்தான் நான் உன்னை மனதில் ஆத்திரம் வைத்து அடித்தேன்.

நாம் சேர்ந்து வாங்கிய அந்த மோட்டார் சைக்கிளுக்கு என்ன வருத்தம் என்றாலும் நீ ஒரே மாதிரித்தான் தொடங்குவாய். மீற்றரின் இரண்டு வயரையும் கையில் எடுத்துக்கொண்டு, நான் வாய் திறக்கமுதல் சொல்லுவாய்: "அளந்துபோட்டுக் கதை." முதலில் பற்றறியில் எத்தனை வோல்ட், பிறகு பியூஸ், பிறகு எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா, பிறகுதான் சாவிப் பக்கம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உதைத்துப் பார்ப்பேன், ஸ்ராட் ஆகாவிட்டால் தூஷணத்தால் பேசுவேன்.

கார்த்திகையில் முதல் பனி வருவதற்கு முன்பு, பற்றறியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரச் சொன்னாய். ஊரில் மாதக்கணக்காகக் கிடந்த மோட்டார் சைக்கிள்களையே மண்ணெண்ணெயில் ஓட்டிய எனக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று கேட்டேன். உனக்கு அப்போது இரண்டு ஷிப்ட் வேலை, போய்ப் பார்க்க நேரமில்லை. கழற்றுகிறேன் என்று தலையாட்டிவிட்டு, கழற்றாமலே பூட்டித் தறப்பாளை இழுத்து மூடியவன் நான். ஊரில் களவுக்குப் பயந்து பழகிய கை. சாவியை முட்டும்வரைக்கும் திருப்பிப் பூட்டினால்தான் எனக்கு நித்திரை வரும்.

அந்தப் பற்றறியில் இன்னொரு வயரும் தொங்கியது. கரண்ட் இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊர்ச் செய்தி அந்தக் கராஜுக்குள்தான் தெளிவாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்து, இலையுதிர் காலம் முழுக்க மோட்டார் சைக்கிள் பற்றறியில் உன் றேடியோவைக் கொழுவி வைத்துக் கேட்டாய். குளிர் வந்ததும் சின்னப் பற்றறிகளுக்கு மாறிவிட்டதாகச் சொன்னாய். வயரை மட்டும் கழற்றாமல் விட்டாய்.

சித்திரை பிறந்தும் அந்த வருடம் பனிக்குளிர் விடவில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவிக் கை வெந்துபோயிருந்த எனக்கு விட்பியில் ஒரு பட்டறையில் மெஷின் வேலை கிடைத்தது. முதல் நாள் ஏழு மணிக்கு நிற்க வேண்டும். பிந்தினால் வராதே என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு அங்கே போகும் பஸ்ஸும் இல்லை, நம்மிடம் காரும் இல்லை. அந்த மோட்டார் சைக்கிளை விட்டால் எனக்கு நாதியில்லை. அதற்கு முந்தின நாளே சைக்கிளைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்டால், ஓம், பார்க்கவில்லை, அதுதான் நான்.

விடியக் கராஜுக்குள் வந்தேன். நீ எனக்கு முதலே எழும்பி வந்து, மோட்டார் சைக்கிளின் பக்க மூடியைக் கழற்றிவிட்டுக் குந்தியிருந்தாய். பற்றறி வயிறு ஊதி, நடுவால் வெடித்து, உள்ளே பனிக்கட்டியாகக் கிடந்தது. "முழுக்க இறங்கி உறைஞ்சுபோச்சு மச்சான். உதுக்குச் சார்ஜ் குடுத்தால் வெடிக்கும்" என்றாய். என் கண்ணில் பட்டது உன் றேடியோ வயர் மட்டும்தான். நீ செய்தி கேட்டுக் கேட்டு என் வேலையை உறிஞ்சிவிட்டாய் என்று கத்தினேன். நீ எழும்பாமலே, தான் றேடியோவைப் போடவில்லை, ஒரு நிமிஷம் பொறு, அளந்து பார்ப்போம் என்றாய்.

அந்தச் சொல்தான் என்னை விசராக்கியது. சுவரில் கொழுவியிருந்த பெரிய ஸ்பானரை எடுத்து வீசினேன். உன் இடது காதோடு பட்டது. நீ விழவில்லை. பாய்ந்து என் கழுத்தைப் பிடித்தாய், நான் உன் வயிற்றில் உதைத்தேன், இரண்டு பேரும் தறப்பாளில் சிக்கிப் பனி அள்ளும் மண்வெட்டிக்கு மேல் விழுந்தோம். மேலே கிடந்த நான் அதற்குப் பிறகும் அடித்தேன். இரண்டு தரமா மூன்று தரமா, எண்ணவில்லை. அங்கிள் சாறத்தோடு ஓடிவந்து என் தலைமயிரில் பிடித்து இழுத்தபோது உன் காதுக்குள்ளிருந்து இரத்தம் கழுத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் உன்னைத் தன் வான் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நான் உன்னோடு வரவில்லை. எனக்கு ஏழு மணிக்கு வேலை.

அங்கிளின் பழைய கார் ஒன்று கராஜில் கிடந்தது அல்லவா? அதன் பற்றறியைக் கழற்றி, பின் சீற்றில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வயரைக் கொழுவினேன். கொழுவிய அந்தக் கணமே பின்சுவர் சிவந்தது. சாவி என் பொக்கற்றுக்குள் இருக்க, பின்விளக்கு எரிந்தது.

குனிந்து பார்த்தேன். சாவித்துளையில், பூட்டும் நிலைக்கு அடுத்தாற்போல் இன்னொரு நிலை இருந்தது. இருட்டில் வீதியோரம் நிறுத்தும்போது, சாவியை எடுத்த பிறகும் விளக்கை எரியவிடுகிற நிலை. ஊரில் நான் ஓட்டிய மோட்டார் சைக்கிளில் அப்படி ஒன்று இருந்ததில்லை. முட்டும்வரை திருப்பினேன் அல்லவா, அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். தறப்பாளுக்குக் கீழே அந்த விளக்கு எரிந்து எரிந்து பற்றறியைக் கொன்றிருக்கிறது. வெறும் பற்றறி குளிரில் உறைந்திருக்கிறது. உன் றேடியோவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாவியைப் போட்டு உரிய இடத்துக்குத் திருப்பினேன். ஸ்ராட் பண்ணினேன். உன் இரத்தம் காயாத நிலத்துக்கு மேலால் ஓட்டிக்கொண்டு விட்பிக்குப் போனேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பட்டறையில் இருந்துதான் போன வருடம் பென்ஷன் எடுத்தேன்.

பின்னேரம் வந்தபோது நீ தலையில் கட்டோடு கட்டிலில் இருந்தாய். இடது காது இனிக் கேட்காது என்று சொல்லிவிட்டார்களாம். நான் வாயைத் திறக்கமுதல் நீ சொன்னாய்: "மறந்துபோய் ஒண்டு ரெண்டுதரம் றேடியோவைப் போட்டிருப்பன் மச்சான். நீ குழம்பாதை." நான் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். "சரி, விடு" என்றேன். சரி, விடு! எவ்வளவு பெரிய மனிதன் நான்!

அதற்குப் பிறகு நாம் அடிபடவேயில்லை. நீ கலியாணம் கட்டினாய், நானும் கட்டினேன், ஒருவர் பிள்ளைகளை மற்றவர் தூக்கி வளர்த்தோம். நாம் திருந்திவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒவ்வொரு சித்திரையும் உன்னிடம் உண்மையைச் சொல்ல நினைப்பேன். அடுத்த வருடம் சொல்லலாம் என்று விடுவேன். போன மாசியில் உன் இருதயம் நின்றுபோனது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த கிழமை, பொறுக்க முடியாமல் உன் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உன் சேட்டுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவருக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை" என்றாள். "நீங்கள் வரமுதலே பூட்டு எங்கை நிக்குது எண்டு பாத்தவராம். அப்ப லைற் எரியிற இடத்திலை நிண்டதாம். அண்டு பின்னேரம் நீங்கள் வேலையாலை வந்து பூட்டினாப்பிறகு பாக்கேக்கை அது மாறி நிண்டதாம்."

உன்மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவன்மேல் கோபிக்கிற சாதி நான். இவ்வளவு காலமும் தெரிந்துகொண்டு ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவளிடம் சத்தம் போட்டேன்.

"கேட்டால் திரும்பக் கை நீட்டுவீங்கள் எண்டு பயந்தவர்."

அடித்திருப்பேன் என்று எனக்கும் தெரியும்.

கலியாண வீடோ செத்தவீடோ, எந்த மண்டபத்திலும் நீ என் இடப்பக்கம்தான் வந்து உட்காருவாய். கேட்கிற காது என் பக்கம் இருக்க வேண்டுமே என்று நானே கதிரையை நகர்த்தி உனக்கு இடம் விடுவேன். இப்போதும் போகிற இடமெல்லாம் இடப்பக்கக் கதிரையை வெறுமையாக விட்டுத்தான் உட்காருகிறேன். நீ காதுக்காக அங்கே இருந்தாயா, என் வலது கைக்கு எட்டாமல் இருந்தாயா என்று யாரிடம் கேட்பேன்?