திங்களானால் கழரும் பெல்ற்

பெப்ரவரி 10, திங்கள்
தாவடியில் மறுபடியும் வானின் ஃபான் பெல்ற் கழன்றுவிட்டது. போன திங்களும் இதே கூத்து. சிவப்பு லைற் எரிந்தது, எஞ்சின் கொதித்தது, நான் அதைவிடக் கொதித்தேன். மருதனார்மடம் சந்தைக்குப் போகவேண்டிய பாரையும் விளைமீனும் பின்னால் ஐஸ் பெட்டியில். நாளை செவ்வாய், அந்தப் பக்கம் பாதிப்பேர் மரக்கறி, மீன் தொடமாட்டார்கள். இன்று விற்காவிட்டால் கருவாடுதான். ஒரு அம்மா படலையைத் திறந்து வந்து, இனி இங்கேதான் கடையோ என்று கேட்டா. கேட்டுவிட்டு ஒரு விளைமீனும் வாங்கிக்கொண்டு போனா.

வீட்டில் இவர் சோற்றைக் குழைத்தபடி சொன்னார்: "இன்னொருக்கால் கழண்டால் வானை றெஜி ஓடட்டும், லவீனா. நீ வீட்டிலை நில்."

றெஜி இவருடைய தம்பி. வான் என்றால் அவனுக்கு உயிர். எனக்கு மட்டும் என்னவாம்? முதல் தரமே லைசென்ஸ் எடுத்தவள் நான். இவர் கடலில் பிடிப்பதை ஊர் தாண்டிக் கொண்டுபோய் விற்பவளும் நான். அந்த சீற்றில் ஏறி உட்கார்ந்தால் வருகிற சந்தோசம் எனக்கு வேறெதிலும் வருவதில்லை. விட்டுக்குடுக்கிறதோ? மாட்டன்.

பெப்ரவரி 11, செவ்வாய்
மருதனார்மடத்தில் கராஜ் வைத்திருக்கும் செல்வரட்ணம் அண்ணை புதுப் பெல்ற் போட்டார். பெல்ற் ஓடும் சில்லுகளின் அழுக்கைத் துடைத்து, அவை ஒரே நேரில் நிற்கின்றனவா என்று தடி வைத்தும் பார்த்தார். நேர்தான். பழைய பெல்ற் இழுபட்டுப்போனதுதான் காரணம் என்றார். நம்பினேன்.

பெப்ரவரி 14, வெள்ளி
பெல்ற் பூசையில் இருக்கும் பிள்ளை மாதிரி அடக்கமாக ஓடுகிறது.

பெப்ரவரி 17, திங்கள்
கழன்றுவிட்டது! இணுவிலில்.

இவரிடம் சொல்லவில்லை. ஏன் பிந்தினாய் என்று கேட்டதற்கு, ரயில் கடவை பூட்டியிருந்தது என்றேன். இந்தப் பொய்யையும் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

செல்வரட்ணம் அண்ணை பெல்ற்றை விரலால் தடவிப் பார்த்தார். கிறீஸ். ஊறி உப்பிப்போய், வழுக்கிக் கழன்றிருக்கிறது. தான் பூசவில்லை என்று முருகன்மேல் சத்தியம் பண்ணினார். அப்போ ஆர் பூசினது?

ஏன் எப்போதும் திங்கள்? அப்படியென்றால் சனி, ஞாயிறில்தான் யாரோ கைவைக்கிறார்கள். சனி எனக்குச் சந்தை இல்லை, ஞாயிறு கோயிலுக்கும் நடைதான்; அந்த இரண்டு நாளும் நான் வானைத் தொடுவதில்லை.

றெஜி! இரண்டு கிழமையாக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிகிறான். பிடிக்கிறன் பொறு.

பெப்ரவரி 22, சனி
பின்னேரம் வலைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். முழுக்க மீன் நாற்றம். றெஜி வரவில்லை.

வந்தது என்ரை மனிசன்.

ஞாயிறு கடலுக்குப் போவதில்லை என்பதால் சனிதோறும் படகு எஞ்சினைத் துடைத்து, உப்புப் பிடிக்காமல் கிறீஸ் பூசுவார். அதே கையோடு வான் சீற்றைத் தூக்கி, கீழே எஞ்சினில் பெல்ற் ஓடும் சில்லெல்லாம் குழந்தைக்கு எண்ணெய் வைப்பதுபோல் பூசினார். நான் எழும்பி நின்றதும் மனிசன் பயந்துபோனார்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"உப்புக்காத்துக்கு இரும்பு நிக்காதப்பா. நீ தனியப் போய் வாறனி. நடுறோட்டிலை நிக்கக்கூடாதெண்டுதான்..."

அவரால்தான் ஒவ்வொரு திங்களும் நடுறோட்டில் நின்றேன் என்று சொன்னேன். பெல்ற் இறுக்கிப் பிடித்தால்தான் ஓடும், கிறீஸ் பட்டால் வழுக்கும் என்றும் சொன்னேன். அவருக்குக் காது சிவந்துபோனது. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, கடைசியில் அழுதுவிட்டேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு
பூசை முடிந்து வந்து, சவர்க்காரத் தண்ணீரில் சில்லெல்லாம் அவரே கழுவினார். புதுப் பெல்ற்றை நான் மாட்டினேன். றெஜிக்கு நண்டுக்கறியில் பெரிய கால் வைத்தேன். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்கவும் வேண்டாம்.

மார்ச் 3, திங்கள்
கழரவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மார்ச் 15, சனி
சிநேகிதன் வீட்டுக் கலியாணத்தில் ஆட்கள் இருக்கக் கதிரை ஏற்றவேண்டும் என்று றெஜி வந்து, வானை எடுத்துப்போக இவரிடம் திறப்பைக் கேட்டான். இவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? வான் அண்ணியின்ரை. அவவைக் கேள்."

நான் திறப்பைக் கொடுக்கவில்லை. எத்தனை கதிரை என்று கேட்டுக்கொண்டு செருப்பை மாட்டினேன்.