தீ தொடாத கூடுகள்

மகளின் அப்பாவுக்கு,

கோடையில் பெருந்தீ பரவாமலிருக்கப் புதர்க்காட்டைத் திட்டமிட்டு எரித்த அன்று, "ஒரு கூடுகூட கருகல, பாத்தியா?" என்று போனில் பீற்றிக்கொண்டீர்கள். தரையிலிருந்த பதினொரு கூட்டையும் சுற்றித் தண்ணீர் அடித்துக் காப்பாற்றினீர்கள், உண்மைதான். முட்டைகளும் பொரிந்தன.

பொரிந்த குஞ்சுகள் எதைத் தின்னும்? பூச்சி எண்ண நான் மண்ணில் புதைத்த கிண்ணங்களில் எறும்பில்லை, வெட்டுக்கிளியில்லை, சாம்பல்தான் இருக்கிறது. பாதிக் காட்டையாவது விட்டுவைத்து அடுத்த வருடம் எரியுங்கள் என்று முன்பே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பூச்சிக்காரி சொல்லி வேலைய நிறுத்தணுமா?" என்று சிரித்தீர்கள். இன்று செத்துக் கிடந்த ஆறு குஞ்சுகளைப் பொறுக்கினேன். எதிலும் தீக்காயம் இல்லை. வயிறுதான் காலி.

இந்த வீட்டின் காவலுக்கும் நீங்கள் குறை வைத்ததில்லை. வாசற்கதவுக்கு அனுப்பிய புதுப் பூட்டு வந்தது. மகள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா எப்ப வருவாரு?" என்றாள். அந்தப் பதிலையும் நீங்களே அனுப்பிவையுங்கள்.

பூச்சிக்காரி