ஆப்பிள் பேய்க்கு வைத்த பல்

இன்று காலை அம்மா கடையில் புதுக் கற்பூரப் பெட்டியைப் பிரித்தார். வாசனை வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். முன்பெல்லாம் எனக்கு அந்த வாசனையே தெரியாது. கிரிவலப் பாதையில் பூஜைச் சாமான் விற்கும் வீட்டில் பிறந்தவளுக்கு அது காற்றைப் போலத்தான். என் சீருடையில், புத்தகங்களில், சாப்பாட்டு டப்பாவில்கூடக் கற்பூரம் மணக்கிறது என்று நீ சொல்வாய். "உன் பக்கத்துல உக்காந்தா கோயிலுக்குள்ள போயிட்டு வந்த மாதிரி இருக்குடி. உனக்கு மட்டும் எப்படித் தெரியல?" என்று கேட்பாய். இப்போது தெரிகிறது.

திரும்பி வந்தபோது கைபேசியில் மேகலா ஆன்ட்டியின் குரல் செய்தி காத்திருந்தது. செங்கம் சாலையில் அவர் நடத்தும் கஃபே இப்போது மாடிக்கும் போய்விட்டது. "ஹாலோவீன் வருதுடா. போன வருஷம் மாதிரி பழத்துலயே பண்ணிடலாமா? பசங்க இப்பவே கேக்கறாங்க. இந்த வாட்டி நீ ஒருத்தியே பாத்துக்க. உன்ன மாதிரி கேர்ஃபுல்லா ஒரு ஆள் இருந்தா எனக்கு டென்ஷன் கம்மி."

உன்ன மாதிரி கேர்ஃபுல்லா. அந்த இடத்தை மட்டும் மூன்று முறை கேட்டேன். பதில் அனுப்பாமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

போன வருடம் இந்த வேலைக்கு அவர் முதலில் கேட்டது உன்னைத்தான். உன் அத்தாவின் பழக்கடையிலிருந்துதான் கஃபேக்குச் சரக்கு போகும். நீ என்னையும் சேர்த்துக்கொண்டாய். ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் தெருப்பிள்ளைகளுமாக ஒன்பது பேர். சாக்லேட் கூடாது, சர்க்கரை கூடாது, பேய் பிசாசு எல்லாம் பழத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஆன்ட்டியின் நிபந்தனை. "கார்த்திகை வரப்போற நேரத்துல பேய் செய்யறாளுங்களாம் பேய்" என்று என் அம்மா முணுமுணுத்தார். உன் அத்தாவுக்குச் சிரிப்பு. "பேய் துன்னா இன்னா, பிசாசு துன்னா இன்னா, பழம் துன்னா சரி" என்றார்.

நான் நூலகத்தில் உட்கார்ந்து நான்கு பக்கம் குறிப்பெழுதினேன். திராட்சையைச் சிறு பிள்ளைகளுக்கு முழுதாகத் தரக் கூடாது, நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். பல் குத்தும் குச்சியால் எதையும் கோக்கக் கூடாது. ஆரஞ்சுச் சுளையில் கொட்டை இருக்கக் கூடாது. கத்தியை நாம் இருவர் மட்டுமே தொட வேண்டும். நீ அதைப் படித்துவிட்டு, "இத்தன பயத்த வெச்சிக்கினு எப்படிடி தூங்கற?" என்றாய். எல்லாவற்றுக்கும் பயந்தேன். என் பைக்குள் இருந்ததற்கு மட்டும் பயப்படவில்லை.

அன்று மாலை நான்கு மணி. கஃபேயின் நீள மேசையைச் சுற்றிப் பிள்ளைகள். வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி நிற்க வைத்து, கறுப்பு உலர் திராட்சையைக் கிள்ளிக் கண்ணாக ஒட்டினால் பேய். உரித்த ஆரஞ்சின் தலையில் வெள்ளரித் துண்டைச் செருகினால் பூசணி. "அக்கா, இந்தப் பேய் வெஜ்ஜா?" என்று ஒரு வாண்டு கேட்டது. "சுத்த சைவம்டா. விரதத்துக்கே சாப்பிடலாம்" என்றாய் நீ.

கடைசியாகத்தான் பேய் வாய். சிவப்புத் தோலோடு இரண்டு ஆப்பிள் துண்டு மேலும் கீழும் உதடு, நடுவில் அரைத்த பேரீச்சம்பழம், அதில் பல். தேங்காய்ச் சில்லைப் பல்லாக வைக்கலாம் என்று நீ சொன்னாய். நான்தான் கல்கண்டு என்று பிடிவாதம் பிடித்தேன். கல்கண்டு மினுங்கும், படம் எடுத்தால் நன்றாக இருக்கும். "சர்க்கர கூடாதுனு சொல்லிட்டு சர்க்கரையிலயே பல்லு கட்டறியே, டாக்டரம்மா" என்று கிண்டல் செய்துவிட்டு, இன்னும் இரண்டு ஆப்பிளைக் கழுவப் பின்பக்கம் போனாய்.

காலையில் அம்மாவின் கடையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவர்கள் எடுத்து வந்திருந்தேன். ஒன்றில் கல்கண்டு. மற்றதில் அர்ச்சனைத் தட்டில் வைக்க உடைத்த கற்பூரத் துண்டுகள், சித்தியின் கடையில் கொடுப்பதற்கு. இரண்டும் வெள்ளை, இரண்டும் சிறு துண்டுகள். பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தேன், பிரித்தேன், பிள்ளைகளின் தட்டுகளில் வரிசையாகப் பல் வைத்தேன். வாசனை எனக்குத் தெரியவில்லை. அதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நீ ஒருத்திதான் நம்பினாய்.

நீ ஆப்பிளோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாய். "இங்க யாருடி கற்பூரம் ஏத்தினது?"

"யாரும் ஏத்தலையே" என்றேன்.

நீ ஒரு தட்டை எடுத்து முகர்ந்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். "பல்ல யாரும் தொடாதீங்க! கைய எடுங்க! எல்லாரும் கைய எடுங்க!" தமிழ் தெரியாத பிள்ளைகள்கூடக் கையை மேலே தூக்கிவிட்டார்கள். எட்டுத் தட்டுகளில் பல் அப்படியே இருந்தது. ஒன்பதாவது தட்டு யாழினியுடையது. சமையல் செய்யும் செல்வி அக்காவின் மகள், மூன்று வயது. அவள் தட்டில் பேரீச்சம்பழ விழுது மட்டும் இருந்தது, அதில் நான்கு குழிகள். அவள் நாக்கை வெளியே நீட்டி, "காரமா இருக்குக்கா" என்றாள்.

நான் கவரை எடுத்துப் பார்த்தேன், கற்பூரக் கவர்தான். செல்வி அக்கா ஓடிவந்து குழந்தையின் வாய்க்குள் விரலை விடப் போனார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "வேணாம்கா, தொண்டையில அடைச்சிக்கும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்." குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீதான் சாலையில் ஆட்டோவை மறித்தாய். நான் அந்தக் கவரைக் கையில் பிடித்தபடி பின்னால் ஏறினேன்.

"கற்பூரம்தானேம்மா? பொங்கல்ல போடறாங்க, லட்டுல போடறாங்க. ஒண்ணும் ஆவாது, பயப்படாத" என்றார் ஆட்டோக்காரர்.

"அது பச்சைக் கற்பூரம்ணே. அதுவே துளிதான் போடுவாங்க. இது கொளுத்தறது. சீக்கிரம் போங்கண்ணே" என்றாய். இந்த வித்தியாசம் ஒருநாள் எங்கள் கடையில் நின்று நீ கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. சொல்லிக்கொடுத்தவள் நான்.

பஸ்கள், மாடுகள், சாலையைக் கடக்கும் சாமியார்கள். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் யாழினியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் உடம்பு விறைத்தது. கண் மேலே சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. செல்வி அக்காவிடமிருந்து எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சிறிய கால்கள் அவ்வளவு வேகமாக உதறும் என்று எனக்குத் தெரியாது. ஒரு கொலுசு கழன்று விழுந்தது. நான் அதை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் உள்ளே போய்விட்டிருந்தீர்கள்.

ஊசி போட்ட பிறகு வலிப்பு நின்றது. வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாய். இதற்கு அப்படிச் செய்யக் கூடாது, நேராகக் கொண்டுவந்ததுதான் நல்லது என்றார். அப்போதும் குழந்தை கண் திறக்கவில்லை. மேகலா ஆன்ட்டி மூச்சிரைக்க வந்து நம் இருவரையும் பார்த்தார். "யாரு வெச்சது அத?"

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கவர் இன்னும் என் கையில்தான் இருந்தது.

நீ அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். "நான்தான் ஆன்ட்டி. கல்கண்டுனு நெனச்சிட்டேன். எங்க வீட்ல கற்பூரம் கெடையாதுல்ல, எனக்குத் தெரியல."

எல்லோரும் உடனே நம்பினார்கள். பல் வைத்தது யார் என்று பிள்ளைகளிடம்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி. ஆட்டோவில் கொளுத்துவது எது, தின்பது எது என்று பிரித்துச் சொன்னவள் நீ. செல்வி அக்காவுக்கு அதெல்லாம் அப்போது காதில் விழவே இல்லை.

இரண்டு நாளில் யாழினி எழுந்து இட்லி கேட்டாள். ஆனால் கஃபேக்கு உங்கள் கடைப் பழம் போவது நின்றுவிட்டது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பள்ளிக்கூடக் குழாயடியில் உன்னிடம் கேட்டேன். "உங்கம்மா கடையில கல்கண்டையும் கற்பூரத்தையும் ஒண்ணாப் போட்டுக் குடுக்கறாங்கனு ஊரே பேசும். அப்புறம் தீபத்துக்கு யாரு வருவா? நீ வேற அன்னைக்கு செத்துருவ போல நின்ன" என்றாய். கொஞ்சம் கழித்து, "பயம் போனதும் நீயே சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றாய்.

தீபம் போனது. பொங்கல் போனது. பொதுத்தேர்வு வந்தது. பயம் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்று வைத்தேன். பள்ளி திறந்த மூன்றாவது வாரம் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான்காம் நாள் நீ இல்லை. உங்கள் வீட்டு வாசலில் ஊரே நின்றது. கூட்டத்தில் ஒருவர், "கற்பூரத்தக் குடுத்துச்சே, அந்தப் பொண்ணா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இன்று அந்தக் குரல் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாமல், மதியம் கஃபேக்கு நடந்தே போனேன். நடக்கும்போது திரும்பிவிட நான்கு இடத்தில் நின்றேன். அடுப்படியில் செல்வி அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மேகலா ஆன்ட்டியும் அங்கேயே இருந்தார். நின்றபடியே சொன்னேன், எந்தக் கவர், யார் பை, யார் கை என்று எல்லாவற்றையும். மேகலா ஆன்ட்டி பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். செல்வி அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்தப் பொண்ணு தெனம் போன் பண்ணும். பாப்பா சாப்ட்டாளா, தூங்கினாளானு. ஒரு நாளு, இனிமே பண்ணாதனு கத்திட்டேன்" என்றார். பிறகு, "நீ போம்மா. இப்ப உன் மூஞ்சப் பாக்க என்னால முடியல" என்றார். அது நியாயம். போய்விட்டேன்.

பிறகு உன் அத்தாவின் கடை. அவர் கொய்யாப்பழங்களை ஈரத்துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா, எத்தன நாளாச்சு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயமாக இருந்தது. சொன்னேன். இங்கே அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அதுவும் முடியவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த பழத்தை வைக்க இடம் தெரியாதவர் போலச் சுற்றிலும் பார்த்தார். "அவ இல்லியா அது?" என்று இரண்டு முறை கேட்டார். "இல்ல மாமா, நான்தான்" என்று இரண்டு முறையும் சொன்னேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தாம்மா. ஒரு கொழந்த உயிரோட வெளையாடிட்டு வந்திருக்கியேனு கேட்டேன். தலய குனிஞ்சிக்கினு நின்னா. ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் ரெண்டு நாளு நான் அவகிட்ட பேசல. அவளே வந்து தட்டு வெச்சா. நான் திரும்பிப் பாக்காம சாப்ட்டேன்." கையிலிருந்த கொய்யாவை மறுபடி துடைக்கத் தொடங்கினார். ஒரு வாடிக்கையாளர் வந்து வாழைப்பழம் கேட்டார். அத்தா எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த மனிதரும் எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

உனக்கு ஆறேழு முறை எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும்.

"எழுதுவியா? எழுதுனா, ரெண்டு நாளு பேசாம இருந்தது அத்தாவோட தப்புனு எழுதும்மா. வேற ஒண்ணும் வேணாம். அத மட்டும் எழுது."

எழுதிவிட்டேன். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதியிருக்கிறேன், எதையும் அழகுபடுத்தவில்லை. உன் வீட்டில் நீ தலைகுனிந்து நின்ற அந்த இரண்டு நாளும் என்னுடையவை. நாளை காலை மறுபடி செல்வி அக்காவிடம் போவேன். அவர் போகச் சொன்னால் வந்துவிடுவேன், அதற்கடுத்த நாளும் போவேன். பயம் இன்னும் போகவில்லை.