ஐயா தலையில் கட்டிய உலை

அன்பு மகனே,

தேதி போடாமல் எழுதியிருக்கிறாய். மாத இறுதிக்குள் நம் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியின் நிலக்கரி உலையை நிறுத்தாவிட்டால் அங்கே நீ வேலை பார்க்கும் நிறுவனம் நம்மிடம் குழாய் வாங்காது என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

மேஸ்திரியிடம் சொன்னேன். "தம்பி இருக்கிற நாட்டுக்கு ஆகாத புகைன்னுதானேம்மா இந்த உலைய அங்கேருந்து கழட்டி ஐயா தலையில கட்டினாங்க? குழாயெல்லாம் அங்க போகுது, புகை மட்டும் நம்ம கணக்கா?" என்றார். இதற்குப் பதில் உனக்குத் தெரியுமா?

மின் உலை வாங்க நமக்கு வசதியில்லை. இந்தப் பழைய உலை ஆறினால் உள்சுவர் வெடித்துவிடும். மறுபடி மூட்ட முடியாது. அறுபது குடும்பங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

உன் அப்பா இருந்திருந்தால் கெஞ்சியிருப்பார்; எனக்கு அந்தப் பழக்கமில்லை. நான் அணைக்க மாட்டேன். அணைத்தே ஆக வேண்டுமென்றால் நீயே வந்து, அவர்கள் கண்ணெதிரே அணை.

மாடி அறையில் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிவிட்டேன்.

உன் அம்மா