வண்டி வந்துவிட்டதாம், அக்கா

என் பிரியமான அக்கா,

நீ செத்துப்போனது எங்கள் ஆம்புலன்ஸ் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இன்னும் தெரியாது. ஆம்புலன்ஸ் குறித்த நேரத்துக்குள் உன்னிடம் வந்துவிட்டதாம். உன் பெயருக்கு நேரே பச்சை காட்டுகிறது.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, வண்டி பம்மல் மெயின் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் நின்றிருந்தது. மாமா தெருமுனையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். 'வந்து சேர்ந்தேன்' என்ற பொத்தானை டிரைவர் அந்த நெரிசலிலேயே அழுத்திவிட்டார். வண்டி வாசலுக்கு வந்தபோது உனக்கு மூச்சு இல்லை.

அந்த டிரைவரைப் பிடித்துக் கேட்டேன். "இன்னாம்மா பண்றது? வூட்டாண்ட போயி அமுக்குனா லேட்டுன்னு மெமோ குடுக்குறாங்க. அதான் எல்லாரும் மெயின் ரோட்லயே அமுக்கிடுறோம்" என்று சொல்லி அழுதார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மெமோ அடித்தவனை என்ன செய்வது?

இதையும் கேள். அந்தப் பொய்ப் பச்சைகளையெல்லாம் சேர்த்து மேனேஜர் திரையில் படம் காட்டினார். பம்மலுக்கு வண்டி சீக்கிரம் போய்விடுகிறதாம். அதனால் அங்கே நிற்கும் வண்டியைச் சேலையூருக்கு மாற்றப்போகிறார்களாம். கொட்டிக் கொடுத்து வாங்கிய மென்பொருள்தான். பொய்யை ஊட்டினால் அது வேறென்னத்தைக் கக்கும்?

"ஜிபிஎஸ்ஸோட ஒத்துப் பாருங்க சார். பட்டன் அமுக்கினப்ப வண்டி எங்க அக்கா தெருவுக்குள்ளயே வரல" என்றேன்.

"உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா ஒரு கேஸை வச்சு டிசிஷன் எடுக்க முடியாது. டேட்டா என்ன சொல்லுதோ அதான்."

ஒரு கேஸ். எனக்கு ஜடை பின்னிவிட்டு, ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்த நீ, அவருக்கு ஒரு கேஸ்.

வண்டியை மாற்றச் சொல்லும் அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான்தான். போடவில்லை. பொத்தான் அழுத்திய நேரத்தையும், வண்டி உண்மையில் வாசலில் நின்ற நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லா டைரக்டர்களுக்கும் அனுப்பிவிட்டேன். டிரைவர்கள் பெயரை எடுத்துவிட்டேன். வேலை போய்விடும் என்று மாமா பயப்படுகிறார். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், வாயை மூடிக்கொண்டு இரு என்றா?

பம்மல் வண்டியை நகர்த்தினால் அதற்கு முன்னால் போய் நிற்பேன். உன்னிடம் நேரத்துக்கு வந்தோம் என்று சொல்லும் எந்தத் தாளிலும் என் பெயர் இருக்காது, இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி