அம்மாவின் போஞ்சிப் பாத்தியில் உப்பு

ஜனவரி 17, வெள்ளிக்கிழமை இரவு

இதையெல்லாம் எழுதுவதா என்று கூச்சமாகத்தான் இருக்கிறது, மன்னிக்க வேண்டும். 

முந்தாநாள், உறைபனியில் செடி கருகிவிடும் என்று அம்மா பயந்தபோது, உப்புக் கலந்த தண்ணீர் லேசில் உறையாது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். இரசாயனம் படித்த பெருமை. இன்று காலை எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசைக்குப் பின்னால் அம்மாவின் போஞ்சிச் செடிகள் மட்டும் சுருண்டு கருகிக் கிடந்தன. மற்றவர்களின் பாத்திகள் பச்சையாகவே இருந்தன. ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவிடம் கேட்டேன்.

"உப்புத் தண்ணிதான் புள்ள தெளிச்சேன். நீதானே உறையாதுன்னு சொன்ன?"

உறையாதுதான். ஆனால் அதே உப்பு செடிக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துவிடும். அதை நான் சொல்லவே இல்லை.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செல்வி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, செடியோடவே ஊறுகா போட்டுட்டீங்களா? பட்டதாரி வெவசாயமா?"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்புள்ள சொன்னது சரிதான். எனக்குத்தான் அளவு தெரியல."

மூன்று மாத உழைப்பு போயிருந்தது. தவறு அளவில் இல்லை, பாதியை மட்டும் சொன்ன என்னிடம்தான் என்பதை இங்கேதான் எழுத முடிகிறது. அம்மா, இனி நான் எதைச் சொன்னாலும் உடனே நம்பிடாதீங்க. ஏன், எப்படின்னு என்னைக் கேளுங்க.